பலகை குடித்த மை

ஐப்பசி மழையில் ஒரு கவரை நனைத்துவிட்டு, அதைக் காய வைக்கிறேன் என்று போய், என் மாப்பிள்ளை எழுதிய ஆறு பக்கத்தை நான் கெடுத்தேன். இரண்டாயிரம் பிறந்து எட்டொன்பது வருடம் ஆகியிருக்கும். மகள் தலைப்பிரசவத்துக்கு விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை பட்டாளத்தில், பனிமலை மேலே ஒரு காவல் முகாமில் இருந்தார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் முடிந்திருந்தது. வீட்டில் நானும் மகளும் மட்டும்தான்.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் இருந்த பழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஜனத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேசுவது வழக்கமில்லை. இப்போது எல்லாரும் பேசுகிறார்கள், சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். அப்போதே பாதிப்பேர் மாறியாயிற்று. எனக்கு வழக்கத்தோடு கூச்சமும் கூடிக்கொண்டது. கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் நான் அவரிடம் நேராகச் சொன்ன வார்த்தை ‘வாங்க’ ஒன்றுதான். மற்றதெல்லாம் மகள் வழியாகப் போகும். அவள் குளிக்கப் போயிருக்கும்போது அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டால், சுவரைப் பார்த்துக் கேட்பேன்.

“இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமான்னு கேளு.”

அவரும் நல்ல மனுஷர். அந்தச் சுவரிடமே பதில் சொல்வார்.

“போதும்னு சொல்லு. ரசம் இருந்தா போடச் சொல்லு.”

கூச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. பெண் பார்க்க அவர்கள் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்தார்கள். நெல் விவசாயக் குடும்பம். அவர் பன்னிரண்டாவது முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தவர். என் மகள் இங்கேயே காலேஜில் படித்து டிகிரி வாங்கியவள். அன்றைக்குக் கேசரி கிளறிக்கொண்டே என் நாத்தனாரிடம், “டிகிரி படிச்ச புள்ளைய பன்னெண்டாவதுக்குக் குடுக்கறோமேன்னு இருக்குது” என்றேன். திரும்பினால், கை கழுவ வந்தவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அடுத்தவர் படிப்பை அளக்க எனக்கு என்ன இருந்தது? அவர் முகம் மாறவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போது, கேசரி நல்லாயிருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் அப்போதே டிகிரி படித்துக்கொண்டிருந்தார் என்று.

“பின்ன ஏன் அன்னிக்கி சொல்லல?” என்று கேட்டேன்.

“முடிக்காதத படிப்புன்னு சொல்லிக்கக் கூடாதாம்மா” என்றாள்.

அந்தப் படிப்பு எப்படி என்று அவள் எனக்குப் புரிய வைத்தபடியே சொல்கிறேன். வாத்தியார் எதிரே இல்லை. பாடமெல்லாம் கம்ப்யூட்டரில் வரும். முகாமில் அதற்கென்று ஒரு அறை உண்டு, டியூட்டி முடிந்து போய் உட்கார்ந்து படிப்பார், பரீட்சையும் அதிலேயே எழுதுவார். ஒரு பாடத்தை முடித்தால் இத்தனை கிரெடிட் என்று அவர் பேரில் சேரும். எந்த ஊருக்கு மாற்றினாலும் சேர்ந்தது சேர்ந்ததுதான், கூடவே வரும். மணல்காட்டு முகாமில் தொடங்கிய ஒரு பாடத்தை, மழை விடாத இன்னொரு முகாமில் முடித்தாராம். வேண்டிய அளவு சேர்ந்ததும் டிகிரி. பட்டாளத்தில் கற்றுக்கொண்ட சில வேலைகளுக்கும் கிரெடிட் உண்டு என்று மகள் சொன்னதை நான் வேலை செய்யும் பீங்கான் பொம்மை ஷெட்டில் போய்ச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குப் பிசிறு சீவுகிறவள், “செய்யற வேலைக்கே படிப்பு குடுத்தா நமக்கெல்லாம் இன்னேரம் ரெண்டு மூணு டிகிரி வந்திருக்கும்க்கா, மாட்ட செவுருதான் இல்ல” என்றாள்.

நான் ஒரு பெரிய ஜாடியை நினைத்துக்கொண்டேன். பெரிய ஜாடி ஒரே அச்சில் வராது. அடி தனி, வயிறு தனி, கழுத்து தனி. எடுத்ததை ஈரத்துணி மூடி வைத்திருந்து, எல்லாம் சேர்ந்ததும் மண் கூழ் தடவி ஒட்டுவோம். ஆனால் துணி காய்வதற்குள் ஒட்டிவிட வேண்டும். அவர் படிப்புக்கும் அப்படி ஒரு கெடு இருந்தது. சேர்ந்ததிலிருந்து ஆறு வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். தவறினால் சேர்ந்ததெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து. அது ஆறாவது வருடம். ஒரே ஒரு பாடம் பாக்கி.

அந்தப் பாடத்துக்குப் பரீட்சையை மலைக்கு ஏறுவதற்கு முன்பே எழுதிவிட்டார். ஒரு கட்டுரை மட்டும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. மலை மேலே கம்ப்யூட்டர் லைன் கிடையாது. அதனால் தாளில் எழுதித் தபாலில் போடுவார். மகள் அதைப் பாலக்கரைப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப்போய், கம்ப்யூட்டரில் படமாக ஏற்றி அனுப்பிவிடுவாள். முன்பு இரண்டு தடவை அப்படிச் செய்திருந்தார்கள். அங்கே குளிரில் பேனாவில் மை உறைந்துவிடுமாம். கக்கத்தில் வைத்துச் சூடேற்றிச் சூடேற்றி எழுதுவாராம். கவர் வந்தபோது கெடு முடியப் பதினாறு நாள் இருந்தது.

அதற்கு முந்தின நாள்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நான் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தபால்காரர் வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார். மகள் பார்த்தால் சந்தோஷப்படுவாளே என்று கஞ்சித் தூக்கோடு ஒயர்க்கூடையில் வைத்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையை எனக்குப் பிடித்தேன். கூடைக்குப் பிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் கவர் ஊறிப்போய், பிடித்த இடத்தில் கையோடு வருகிறது.

மகளிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, பதறுவாள். கஞ்சியைக் கொடுத்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, நாத்தனாரைத் துணைக்கு வைத்துவிட்டு, மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பொம்மை அச்சு பிளாஸ்டரில் செய்தது. அதற்குள் மண் கூழை ஊற்றினால், பிளாஸ்டர் கூழிலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். கூழ் ஓரத்தில் தோலாகக் கட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அச்சைத் திறந்தால் பொம்மை. மீந்த மண்ணை வற்ற வைக்க அதே பிளாஸ்டரில் தட்டையான பலகைகளும் வைத்திருப்போம். முப்பது வருடமாக எனக்கு ஈரம் என்றால் பிளாஸ்டர்தான். கையில் தண்ணீர் பட்டால்கூட முந்தானையைத் தேடாமல் பலகையில் ஒற்றுவேன். தீயில் காட்டினால் தாள் கருகும், வெயிலோ இல்லை, காற்றில் போட்டால் பறக்கும். ஆகவே நன்றாகக் காய்ந்த பலகையாக ஏழு எடுத்தேன். மொத்தம் பதினாலு தாள். மேலாக இருந்த ஆறை மெதுவாகப் பிரித்து, எழுதிய பக்கம் கீழே படும்படி பலகைக்கு ஒன்றாக வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏழாவதை மேலே மூடிவிட்டு, என் அச்சுகளைத் திறக்கப் போனேன்.

அரைமணி கழித்து வந்து எடுத்தேன். தாள் அருமையாகக் காய்ந்திருந்தது. எழுத்துதான் இல்லை. பலதடவை துவைத்த சட்டையின் பூப்போல அங்கங்கே ஒரு நிழல். அவர் எழுதினது மைப்பேனாவில். பலகை தண்ணீரைக் குடிக்கும்போது மையையும் சேர்த்துக் குடித்துவிட்டது.

மற்ற எட்டுத் தாளைக் கொடியில் க்ளிப் போட்டுக் காயவைத்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம். அவை பிழைத்தன.

வெளுத்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டாவது என்று நான் இளப்பமாகச் சொன்ன மனுஷர். ஆறு வருடம். இப்போது அதைக் கெடுத்த கையும் என் கைதான். வேண்டுமென்றே செய்தேன் என்றுகூட நினைப்பாரோ என்று மனசில் ஓடியது.

பிசிறு சீவுகிறவள்தான் வந்து பலகையைப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது, பலக மேல நீலமா? கோலம் கீலம் போட்டியா?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். வெள்ளைப் பலகையில் வரிவரியாக நீல எழுத்து. எல்லாம் இடவலம் மாறி, துணைக்கால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு, ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் அச்சில் வேலை செய்கிறவளுக்கு இது புதிதில்லை. அச்சுக்குள்ளே பொம்மையின் வலது கை இடது பக்கம்தான் இருக்கும். அவளிடம் கண்ணாடி கேட்டேன். அவள் பையில் ஸ்டிக்கர் பொட்டும் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடியும் எப்போதும் இருக்கும். அதைப் பலகைக்கு எதிரே நிறுத்தினேன். கண்ணாடிக்குள் தமிழ் நேராக நின்றது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் சோற்றை அவசரமாகத் தின்றுவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இடது கையில் கண்ணாடி, வலது கையில் பென்சில். கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் எழுதி எத்தனையோ வருடம் ஆயிற்று. ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். ஷெட்டில் சும்மா விடுவார்களா?

“இந்த வயசுல இன்னாத்துக்குக்கா இவ்ளோ நேரம் கண்ணாடி பாக்கற? மாப்ள தேடறாங்களா?”

“மாப்ளைக்குத்தான்டி பாக்கறேன். போயி வேலையப் பாரு.”

அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அந்த ஆறு பலகையையும் யாரும் தொடவில்லை. கழுவிவிடாதபடி ஒருத்தி மேலே சாக்கு போட்டு மூடி வைத்தாள்.

எழுத எழுதத்தான் அவர் எழுதியது என்ன என்று எனக்குத் தெரிந்தது. தங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறுதொழிலைப் பற்றி, அதில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது கேள்வி. நெல்லு விளைகிற ஊர்க்காரர், நெல்லைப் பற்றி எழுதவில்லை. பீங்கான் பொம்மையைப் பற்றி எழுதியிருந்தார். கூழ் எந்தப் பதம், மழைக்காலத்தில் அச்சு ஏன் மெதுவாகக் குடிக்கும், குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களுக்கு எந்த இடத்தில் வலி பிடிக்கும், எல்லாம் இருந்தது. போன வருடம் மகள் அவரோடு போனில் பேசும்போது நடுநடுவே என்னிடம், “ஏம்மா, அச்ச எவ்ளோ நேரத்துல தெறப்பீங்க?”, “ஏம்மா, ஒடஞ்சத இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்பாள். பொழுது போகாமல் கேட்கிறாள் என்று நானும் சொல்வேன். கேட்டது அவள் இல்லை.

மூன்று நாளில் இரண்டு பக்கம்தான் ஆனது. பலகை சில இடத்தில் மையை அப்பிவிட்டது. அங்கே கண்ணாடி வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த இடங்களில் கோடு போட்டு விட்டு வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மகளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

“இதெல்லாம் நீ எழுதினதாம்மா?”

“ஆமா.”

“ஞாயித்துக்கெழம போன் வரும். நீயே சொல்லிடு.”

“நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்.”

“நனச்சது நீ, காய வெச்சது நீ. நான் இன்னான்னு சொல்லுவேன்? பலக, கண்ணாடின்னு எனக்கு ஒண்ணும் சொல்ல வராது.”

மலையிலிருந்து போன் வாரத்துக்கு ஒரு தடவை, ஆளுக்கு ஐந்து நிமிடம். வரிசையில் நின்று பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் செல்போன் அடித்தது. குழந்தை எப்படி, கண் யார் மாதிரி என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு, “அம்மா பேசணுமாம்” என்று போனை என் கையில் திணித்தாள். நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். அவர் அங்கிருந்து பார்க்கவா போகிறார்.

அந்தப் போனில் ஒரு விசேஷம். நாம் சொன்னது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அவர் சொல்வதும் அப்படியே தாமதித்து வரும். பேசி முடித்துவிட்டு இரண்டு மூச்சு காத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் அது எரிச்சல். எனக்கு அது உதவியாக இருந்தது. சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்த மாதிரி.

“மாப்ள, ஒங்க தாள நான் கெடுத்துட்டேன்” என்றேன். பிறகு மழை, கூடை, பலகை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

காத்திருந்தேன். போனில் காற்று இரைந்தது.

“பிளாஸ்டர்லயா வெச்சீங்க, அத்த?” அவர் குரலில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. “நான் மூணாம் பக்கத்துலயே எழுதியிருக்கேனே. ஈரம் எதுல இருந்தாலும் பிளாஸ்டர் இழுத்துடும்னு.”

“அந்தப் பக்கமும் போயிடுச்சு.”

இரண்டு மூச்சு கழித்து அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. நன்றாகவே சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புதிதாக எழுதித் தபாலில் போட்டால் கெடுவுக்குள் வந்து சேராது. பனியில் வண்டி இறங்க நாளாகும். டைப் அடித்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்றார். அவர் முதலில் அடித்துத் திருத்தி எழுதிப் பார்த்த நோட்டு அவரிடம் இருந்தது. விட்டுப்போன இடங்களை மட்டும் அடுத்த ஞாயிறு நான் சொன்னால், அவர் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

“அவகிட்டயே சொல்லிடுங்களேன்” என்றேன்.

“அவ புள்ளையப் பாக்கட்டும். பலகையப் படிச்சது நீங்கதான? நீங்களே பேசுங்க அத்த” என்றார். அதோடு லைன் போயிற்று.

அந்த வாரம் முழுக்க எழுதினேன். ஆறு பக்கமும் முடிந்தது. விட்ட இடம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் முன் வரியையும் பின் வரியையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன், ஐந்து நிமிடத்தில் தடுமாறக்கூடாது என்று. அதற்கு நடுவே ஒரு சங்கடம். சூளையில் வெந்த பிறகுதான் பொம்மை சிறுக்கிறது என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தார். அது தப்பு. அச்சிலேயே முதலில் சிறுக்கும். சிறுத்தால்தான் அச்சை விட்டுப் பிரியும். சூளையில் சிறுப்பது அப்புறம். படித்தவர் எழுதியதை நான் எப்படித் தப்பு என்பது? இரண்டு நாள் யோசித்தேன். பாடத்தில் தப்பிருந்தால் மார்க்கைக் குறைப்பார்களே என்கிற பயம் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு போன் நேராக என் கைக்கே வந்தது. மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் வரியைப் படிப்பேன், காத்திருப்பேன், அவர் விட்டதைச் சொல்வார், பென்சிலால் நிரப்புவேன். ஐந்து இடம் முடிவதற்குள் நேரம் முடிந்திருக்க வேண்டும். அங்கே யாரோ இந்தியில் பேசும் சத்தம் கேட்டது.

“அத்த, நிதானமா படிங்க. பின்னால நிக்கிற ரெண்டு பேரு அவங்க நேரத்த எனக்குக் குடுத்துட்டாங்க.”

“பாவம், அவங்களும் வூட்டுக்குப் பேச வந்தவங்கதான?”

“ஒருத்தனுக்கு அவன் மாமியார் போன எடுக்கறாங்களாம். அதான் தாராளமா குடுக்கறான்.”

சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை காது கேட்கச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல். சிரித்த தைரியத்தில், “மாப்ள, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது” என்று பொம்மை சிறுக்கும் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்படியா? மாத்தி எழுதிடுங்க.”

“நான் சொல்லி மாத்தினா நான் எழுதின மாதிரி ஆயிடாதா? அப்புறம் அது ஒங்க படிப்பாவுமா?”

“வேல செய்யறவங்களக் கேட்டு எழுதுன்னுதான் அத்த கேள்வியே. கேட்டவன் நான். சொல்றவங்க நீங்க. சரியாத்தான் இருக்குது.”

பத்து இடம் நிரம்பியாயிற்று. பதினொன்றாவது ஆறாம் பக்கத்தின் கடைசியில். தகவல் தந்தவர் என்று எழுதி, பெயர், வயது, படிப்பு, எத்தனை வருடம் வேலை என்று வரிசையாகக் கேட்டிருந்தது. எதிரே எல்லாம் வெறுமை. கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் ஒரு சுவடு தெரியவில்லை.

“இங்கதான் மை சுத்தமா போயிடுச்சு மாப்ள. யாரு பேரு எழுதியிருந்தீங்க?”

இந்தத் தடவை இரண்டு மூச்சுக்கு மேல் ஆயிற்று. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“அங்க மை போகல அத்த. நான் எழுதவேயில்ல. அத ஒங்கள கேட்டுத்தான் எழுதணும். அவள விட்டுக் கேக்கச் சொல்லியிருக்கலாம். வயசும் படிப்பும் அப்படிக் கேக்கறது மரியாதையா இருக்காதுன்னு தோணுச்சு. கவர் வந்து சேந்ததும் போன்ல ஒங்களையே கேட்டு, அவள எழுதச் சொல்லலாம்னு விட்டு வெச்சேன். நேரா கேக்கவும் கூச்சம். நீங்க வேற பேச மாட்டீங்க.”

நான் அந்த வரியில் பென்சிலை வைத்தேன்.

“சொல்லுங்க. இன்னும் ரெண்டு நிமிஷந்தான் இருக்குது.”

பெயரைச் சொன்னேன். வயது சுமாராகச் சொன்னேன். வேலை முப்பது வருடம். படிப்பு என்ற இடத்தில் நின்றேன். கேசரி கிளறின அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றவர் முகம் எதிரே வந்தது. “போடாம வுட்டா ஆவாதா?” என்று கேட்டேன்.

“ஆவாது. இதுல ஒரு எடம் காலியா இருந்தாலும் திருப்பிடுவாங்க.”

“அஞ்சாவது” என்றேன். பிறகு, சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமலே விட்டு வைத்ததும் கூடவே வந்துவிட்டது. “அன்னிக்கி பொண்ணு பாக்க வந்தப்ப நான் ஒண்ணு சொன்னேன் மாப்ள. நீங்க கேட்டீங்க. அத மனசுல வெச்சுக்காதீங்க.”

காற்று இரைந்தது. காத்திருந்தேன்.

“அஞ்சாவது. எழுதிக்கிட்டேன் அத்த” என்றார் அவர். “பொண்ணப் பெத்தவங்க பாக்கத்தான் செய்வாங்க. எனக்கும் இப்ப ஒரு பொண்ணு இருக்குது.”

புதன்கிழமை கெடு. திங்கட்கிழமை நோட்டையும் எட்டுத் தாளையும் பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்தினவள் நாற்பது வயதுக்காரி. முன்பு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள், தமிழும் அடிப்பாள். என் பென்சில் எழுத்து அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னைப் படிக்கச் சொன்னாள். சுற்றிலும் தடுப்புகளில் ஆட்கள். நான் படித்தது எனக்கே கேட்கவில்லை.

“யக்கா, ரகசியமா சொல்றீங்க? கொஞ்சம் சத்தமா படிங்க.”

படித்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூழ் பதம் வரும்போது குரல் தானாக ஏறிவிட்டது, எனக்குத் தெரிந்த விஷயம் அல்லவா. நடுவில் ஒரு தடவை கரண்ட் போயிற்று. அடித்ததை அவள் சேமித்து வைத்திருந்ததால் நஷ்டமில்லை. இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்து மறுபடி தொடர்ந்தோம். கடைசியில் எட்டுத் தாளைப் படம் பிடித்து, மகள் எழுதிக் கொடுத்த ரகசிய எழுத்தைப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள். பச்சையாக ஒரு கோடு இடமிருந்து வலமாக மெதுவாக ஊர்ந்தது. அது முழுதாக நிறையும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

தை மாதம் அவர் லீவில் வந்தார். முதன்முதலாகக் குழந்தையைத் தூக்கினதை நான் சமையலறைக் கதவிடுக்கில் இருந்து பார்த்தேன். ஆமாம், கதவிடுக்கில் இருந்துதான். போனில் அத்தனை பேசினவளுக்கு, ஆள் எதிரே வந்ததும் கால் உள்ளே இழுத்துக்கொண்டது. அவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. “சௌக்கியமா அத்த” என்று தரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்த நாலாம் நாள் சாயங்காலம் ரிசல்ட் பார்க்கிறேன் என்று வெளியே போனார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பாலைத் துழாவிக்கொண்டே காதைக் கூடத்துப் பக்கம் வைத்தேன். அப்போது அலமாரியில் இருந்த மகளின் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

“அத்த” என்றார். குரல் போனிலும் வந்தது, கூடத்திலிருந்தும் வந்தது. “சேந்துடுச்சு. டிகிரி முடிஞ்சுது.”

“எல்லாமா?”

“எல்லாம். அந்தக் கட்டுரைக்குத்தான் இருக்கறதுலயே நல்ல மார்க்கு.”

“ரெண்டு பேரும் பத்தடி தூரத்துல இருந்துக்கிட்டு இன்னா கூத்து இது?” என்று மகள் கூடத்தில் சிரித்தாள். “வெளிய வாம்மா.”

“பால் அடுப்புல இருக்குது” என்றேன், அவளுக்கு. போனில் அவரிடம், “எந்தெந்தப் பாடம்னு முழுசா சொல்லுங்க மாப்ள, கேக்கறேன்” என்றேன்.

மணல்காட்டில் படித்ததிலிருந்து தொடங்கினார். பால் பொங்கி வரும் வரைக்கும் அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.